அத்தையின் காதில் பதினோரு நிமிஷம்

எனக்கு ஐகான் பிடிக்காது. லேப்டாப் திரையின் மூலையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, வைஃபை இருக்கிறது, புளூடூத் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் படங்களைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஆபீஸில் லினக்ஸ் போட்ட லேப்டாப் கொடுத்த அன்றே எல்லாவற்றையும் கடாசிவிட்டேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். எது வேண்டுமோ அதைக் கமாண்ட் அடித்துக் கேட்டுக்கொள்வேன். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. மவுஸைப் பிடித்துக்கொண்டு திரை முழுக்கத் தடவுகிறவர்களைப் பார்த்தால் உள்ளுக்குள் சிரிப்பேன். ஒரே ஒரு ஐகான் அந்த மூலையில் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

தாம்பரத்துக்குப் பக்கம், அஸ்தினாபுரத்தில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. நான், கணவர், அவருடைய அம்மா. அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். கணவர் விடிந்ததும் ஒரகடம் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. பகல் முழுக்க நானும் அத்தையும்தான் முகம் பார்த்துக்கொண்டிருப்போம்.

அத்தை ரிட்டயரான கணக்கு டீச்சர். கண் நன்றாகத் தெரியும், முழங்கால் பரவாயில்லை, காதுதான் கைவிட்டுவிட்டது. முதலில் காலிங் பெல் கேட்கவில்லை. பிறகு போனில் மகள் பேசுவது கேட்கவில்லை. கடைசியில் சர்ச்சில் பாட்டுக்குழுவோடு நின்று பாடும்போது மற்றவர்கள் அடுத்த சரணத்துக்குப் போனது தெரியாமல் இவர் மட்டும் பல்லவியில் நின்றாராம். அன்று வீட்டுக்கு வந்து, "இனிமே நான் பெஞ்சுலயே உட்கார்ந்துக்கிறேன்" என்றார். அப்புறம்தான் கணவர் கிழக்குத் தாம்பரத்துக்குக் கூட்டிப்போய்க் காது மிஷின் வாங்கி மாட்டிவிட்டார். இரண்டு காதுக்கும் புளியங்கொட்டை அளவில் ஒவ்வொன்று. சார்ஜ் போட ஒரு குட்டி டப்பா. அதில் புளூடூத்தும் உண்டு என்று கடைக்காரர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் சர்ச்சில் பெண்கள் ஞாயிறு வரும். அன்று ஆராதனை முழுக்கப் பெண்கள்தான் நடத்துவார்கள். பிரசங்கம், வாசிப்பு, பாட்டு எல்லாம் அவர்கள்தான். ஒரே நிறத்தில் புடவை எடுத்து எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். இந்த வருஷம் பாட்டு நடத்துகிற அக்கா, சிறப்புப் பாடலில் இரண்டு வரியை அத்தை தனியாகப் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷமாகக் குழுவில் நின்றவர், காது மிஷின் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார் என்ற சந்தோஷத்தில் கொடுத்தது. அத்தை அந்த இரண்டு வரியை டைரியில் எழுதிவைத்து, பேனாவால் அடிக்கோடு போட்டு, நாளுக்கு நாலு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அக்கா எல்லோருக்கும் மெட்டைப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அத்தையிடம் இருப்பதோ பட்டன் போன். என் போனில் போட்டுக் காட்டினால், "சத்தம் வருது, ஸ்வரம் வரல" என்றார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மிஷினில்தான் புளூடூத் இருக்கிறதே, லேப்டாப்பிலிருந்து நேராகக் காதுக்குள்ளேயே பாட்டை விட்டுவிடலாம்.

ஒரு சனிக்கிழமை காலை. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கறுப்புத் திரையைத் திறந்து 'ஸ்கேன் ஆன்' என்று அடித்தேன். சுற்றுவட்டாரத்தில் புளூடூத் இருக்கிற சாமான் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. மேல் மாடி வீட்டு டிவி, எதிர் ஃபிளாட்டில் யாருடைய இயர்பட்ஸோ, 'மச்சான் ஸ்பீக்கர்' என்று எவரோ பெயர் வைத்த ஒரு ஸ்பீக்கர். அத்தை வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். மிஷின் டப்பாவை மூடித் திறந்ததும் அதுவும் திரையில் வந்தது. அதன் முகவரியைக் காப்பி எடுத்து, நான் அடிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, 'பேர்' என்று ஆரம்பித்தேன்.

"யார் பேரை அடிக்கிறே? என் பேரையா?"

"பேர் இல்ல அத்தை. இங்கிலீஷ் பேர். ஜோடி சேர்க்கிறது."

அத்தை சிரித்தார். "ரெண்டும் ஒரே மாதிரிதான் விழுது. என் காது மேல தப்பில்ல."

ஜோடி சேர்ந்துவிட்டது. அடுத்து 'டிரஸ்ட்' என்று அடித்தேன்.

"டிரஸ்ட்னா? நம்பறதா?"

"ஆமா. இதை ஒரு தடவை போட்டுட்டா போதும். நீங்க மிஷினை எடுத்து மாட்டினதுமே லேப்டாப்போட தானா ஒட்டிக்கும். நான் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து அடிச்சுக்கிட்டிருக்க வேணாம்."

"கேட்காமலேயா?"

"கேட்காமலே."

"அது எப்படிம்மா, கேட்காம?"

"அதான் அத்தை வசதியே" என்று சொல்லிவிட்டு என்டர் தட்டினேன். எனக்கு அந்தக் கேள்வியே அசட்டுத்தனமாகத் தெரிந்தது.

பாட்டைப் போட்டேன். அறையில் சத்தமே இல்லை. அத்தைக்கு மட்டும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "உள்ள வந்து பாடற மாதிரி இருக்கு" என்றார். நான் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். நாத்தனார் கைதட்டுகிற பொம்மை ஆறேழு அனுப்பினார். கணவர் ஒரகடத்திலிருந்து, இந்த மாதிரி மருமகள் யாருக்குக் கிடைக்கும் என்று எழுதினார். அதை நான் இரண்டு மூன்று தடவை திறந்து படித்தேன்.

அதற்கப்புறம் தினமும் பத்து மணிக்குப் பயிற்சி. அத்தை மிஷினை மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நிற்பார், நான் பாட்டைப் போட்டுவிட்டு, முடிந்ததும் இணைப்பை வெட்டிவிடுவேன், அவர் ஹாலில் நடந்துகொண்டே கூடப் பாடுவார். இங்கேதான் வம்பு. காதுக்குள் பாட்டு ஓடுவதால் தன் குரல் அவருக்குச் சரியாகக் கேட்காது. ஆகவே உரக்கப் பாடுவார். உரக்கப் பாடும்போது சுருதி ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். முதல் வரி ஒரு மாதிரி சமாளித்துவிடும். இரண்டாவது வரியில் மேலே ஏற வேண்டிய இடத்தில் பொத்தென்று கீழே விழும். வெயிட் சரியாக உட்காராத குக்கர் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில்தான் எனக்குப் போனில் ஆபீஸ் மீட்டிங். ஒருநாள் மியூட் போட மறந்துவிட்டேன். "யார் வீட்டுலயோ அழற சத்தம் கேக்குதே" என்று என் மேனேஜர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே மியூட் போட்டேன்.

என்னுடைய குணம் எனக்குத் தெரியும். யார் முன்னாலும் நான் அசிங்கப்பட்டுவிடக் கூடாது. அத்தை சர்ச் நடுவில் நின்று அந்த இரண்டாவது வரியைப் போட்டு உடைக்கும்போது, எல்லோரும் திரும்பி மூன்றாவது பெஞ்சில் இருக்கிற என்னைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ராத்திரி தூக்கத்திலும் அதே காட்சி.

பெரும்பாக்கத்தில் இருக்கிற என் தங்கையிடம் இதையெல்லாம் சொல்வேன். நாங்கள் இரண்டு பேரும் சின்ன வயசிலிருந்தே யாரையாவது எடுத்து வைத்துக்கொண்டு சிரிக்கிறவர்கள். குக்கர் உவமையை அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் மூச்சு முட்டச் சிரித்தாள். அவள் சிரிக்கிறாளே என்று அத்தை மாதிரியே பாடிக் காட்டினேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு சனிக்கிழமை புடவை எடுக்க சண்முகம் ரோட்டுக்குப் போனோம். சர்ச் பெண்கள் சங்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் கடையை நிறைத்து, மாம்பழ மஞ்சளா, கடுகு மஞ்சளா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அத்தை புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பாட்டு நடத்துகிற அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அக்கா, அத்தைக்குக் காது இன்னும் சரியா செட் ஆகல. பாவம், அத்தனை பேர் முன்னாடி தப்பிட்டா மனசு உடைஞ்சிடுவாங்க. அந்த ரெண்டு வரியை வேற யாருக்காவது மாத்திடுங்களேன். நான் சொன்னதா தெரிய வேணாம்."

அக்கறை மாதிரியே சொன்னேன். குரலைத் தாழ்த்தி, முகத்தைக்கூட அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டேன். அந்த அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "பார்க்கலாம்மா" என்றார். திரும்பினால் அத்தை மாம்பழ மஞ்சளில் நின்று, "எனக்கு எடுப்பா இருக்கா?" என்று கேட்டார். "சூப்பரா இருக்கு அத்தை" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம். வேலை மந்தமாக இருந்தது. அத்தை சாப்பிட்டுவிட்டு மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துப் படுத்திருந்தார். நான் என் அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு லேப்டாப்பிலேயே தங்கையைக் கூப்பிட்டேன். அவள் வழக்கம்போல் போனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு ஏதோ அரைத்துக்கொண்டே பேசினாள். சண்முகம் ரோட்டில் நான் செய்த காரியத்தைச் சொன்னேன். "நல்ல வேலை பண்ணினே" என்றாள். பிறகு அவள் பக்கம் சத்தமே இல்லை.

மிக்ஸி ஓடுகிறது என்று நினைத்தேன். காத்திருந்தேன். திரையில் அவள் வாய் அசைவது தெரிந்தது. "ஏய், கேக்கல" என்றேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று பேசிக்கொண்டே இருந்தாள். மிக்ஸி இரைச்சலில் நான் கத்தியது அவளுக்கு விழவில்லை. பெரும்பாக்கத்து நெட் இப்படித்தான் என்று அலுத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் கறுப்புத் திரையைத் திறந்து நெட்டைச் சோதித்தேன். நெட் சரி. பிரவுசரைச் சோதித்தேன். அதுவும் சரி. ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன், சத்தம் வரவில்லை என்றால் அது வேறு எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள் என்று. அன்று எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. அத்தை. மிஷினை மாட்டிக்கொண்டு, ஒரு கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் உதட்டில் விரல் வைத்து, "ஆபீஸ் கால் அத்தை" என்றேன். இன்னொரு கையால் போங்கள் என்று காட்டினேன். அத்தை என்னைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் போராடிவிட்டு அந்த லைனைத் துண்டித்துவிட்டு போனிலிருந்து கூப்பிட்டேன்.

"எவ்வளவு நேரமா நான் பேசிக்கிட்டிருக்கேன், ஒண்ணுமே கேக்கலையா?" என்றாள் தங்கை.

"ஒரு வார்த்தை கேக்கல."

"போச்சுடா. எல்லாத்தையும் மறுபடி சொல்லணுமா?"

சொன்னாள். ரசித்து ரசித்துச் சொன்னாள். "அந்த அக்காகிட்ட நீயே போய்ச் சொன்னதுதான்கா கரெக்ட். உங்க அத்தைக்கு யாராவது சொன்னாத்தானே தெரியும். நீ சொன்ன குக்கர் விஷயத்தை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாரு. நீ பாடிக் காட்டினியே, அதே மாதிரி நான் பாடிக் காட்டினேன். ஆபீஸ்ல அழற சத்தம்னாங்களே, அதையும் சொன்னேன். ஞாயித்துக்கிழமை அந்தம்மா பாடலைன்னா உனக்கு எவ்வளவு நிம்மதி." நடுவில் அத்தையைப் போலப் பாடியும் காட்டினாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அத்தை என் அறை வாசலுக்கு வரவில்லை. "மிஷின் உறுத்துது, கொஞ்ச நாள் போடல" என்றார். டப்பா அலமாரிக்குள் போய்விட்டது. பயிற்சியும் நின்றது. உறுத்துகிறதென்றால் கடைக்குக் கூட்டிப்போகலாமா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று நாள் வீடு அமைதியாக இருந்தது, மீட்டிங் சுத்தமாக நடந்தது. மற்றதற்கெல்லாம் பின்னால் காரணம் ஏதாவது தேடிக்கொள்ளலாம். அந்த நிம்மதிக்கு எதையும் தேட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் புது ஹெட்செட் அனுப்பியிருந்தார்கள். ஜோடி சேர மாட்டேன் என்றது. என்ன கோளாறு என்று பார்க்க புளூடூத் லாகைத் திறந்தேன். எது எப்போது வந்து ஒட்டியது, எப்போது விட்டுப்போனது என்று மணி, நிமிஷம், நொடியோடு அதில் இருக்கும். ஹெட்செட்டைத் தேடிக்கொண்டு மேலே போனேன். செவ்வாய்க்கிழமை வரியில் கண் நின்றது. காது மிஷின். நாலு பன்னிரண்டுக்கு இணைந்திருக்கிறது. நாலு இருபத்துமூன்றுக்கு விட்டிருக்கிறது.

முதலில் எனக்குப் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாம் பாட்டே போடவில்லையே என்று நினைத்தேன். பிறகு தங்கையைக் கூப்பிட்ட நேரத்தைப் போய்ப் பார்த்தேன். அது நாலு மணிக்கு ஆரம்பித்திருந்தது.

அத்தை தூங்கி எழுந்து மிஷினை மாட்டியிருக்கிறார். டிரஸ்ட் போட்டிருந்ததால் அது கேட்காமலே என் லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டது. என் தங்கை குரல் என் அறையிலிருந்து கிளம்பி அத்தை காதுக்குள் போய்விட்டது. நான் பேசியது ஒன்றும் அவருக்கு விழுந்திருக்காது. அவள் பேசியது மட்டும். நீ சொன்னியே, நீ சொன்னியே என்று அவள் சொன்னது அத்தனையும். ஏதோ சத்தம் வருகிறதே என்று சொல்லத்தான் வாசலுக்கு வந்தார். நான் ஆபீஸ் கால் என்று சொல்லி விரட்டினேன். காதுக்குள் என் தங்கை பேசிக்கொண்டிருக்கும்போது, எதிரில் நின்று, ஆபீஸ் கால் என்றேன்.

அத்தை நினைத்திருந்தால் அப்போதே மிஷினைக் கழற்றியிருக்கலாம். நாலு இருபத்துமூன்று வரை கழற்றவில்லை. முழுவதையும் கேட்டிருக்கிறார்.

லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன், அதையும் மறைப்பானேன். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாத மாதிரி இருந்துவிடலாம். தண்ணீர் குடிக்கிற சாக்கில் இரண்டு தடவை சமையலறை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை உள்ளே போனேன். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காதில் மிஷின் இல்லை.

"அத்தை, அன்னைக்கு என் தங்கச்சி பேசினது உங்க காதுல விழுந்திருக்கு. மன்னிச்சிடுங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா?"

"மன்னிச்சிடுங்கன்னேன்."

"கேக்கல."

கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்ததை இப்போது கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கத்தினேன். அந்த நேரம் பார்த்து மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தலைக்கு மேல் போனது. அது போகும் வரை இரண்டு பேரும் காத்திருந்தோம். பிறகு மறுபடி கத்தினேன். என் தங்கையிடம் நான் உங்களைக் கேலி செய்தேன், பாட்டு நடத்துகிற அக்காவிடம் உங்கள் வரியை மாற்றச் சொன்னேன், தப்பு பண்ணிவிட்டேன், மன்னித்துவிடுங்கள். எதிர் ஃபிளாட் சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. அவர்கள் வீட்டு ஜன்னலுக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நடுவே கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான்.

அத்தை ஒரு காம்பைக் கீழே போட்டார். "மொதல் தடவையே புரிஞ்சுது. பசங்க கடைசி பெஞ்ச்ல பேசறதை வாயைப் பார்த்தே கண்டுபிடிச்சவ நான்."

"அப்புறம் ஏன் அத்தை..."

"உன் தங்கச்சி அன்னைக்குச் சத்தமாத்தானே சொன்னா."

அத்தை இன்னும் இரண்டு கொத்தை உருவினார். பிறகு கேட்டார்.

"நெஜமாவே தப்பா பாடறேனா?"

"இல்ல அத்தை, நல்லாத்தான் பாடறீங்க."

"இப்பவும் எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணா?"

வாயில் வந்த அடுத்த பொய்யை விழுங்கினேன். "ரெண்டாவது வரியில மேல போகணும். நீங்க கீழ இறங்கிடறீங்க" என்று கத்தினேன். அதையும் எதிர் ஃபிளாட்டில் கேட்டிருப்பார்கள்.

அத்தை தலையாட்டினார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பேனே. கணக்கு தப்புன்னா போட்டவகிட்ட சொல்லணும். அடுத்த வீட்டுல போய்ச் சொல்லிச் சிரிக்கக் கூடாது." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "அதுலேர்ந்து என் பேரை எடுத்துடு" என்றார். எந்தப் பேர் என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய் 'ரிமூவ்' என்று அடித்தேன். நீக்கியாயிற்று என்று திரை சொன்னது. அன்று சாயங்காலம் அத்தை மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அன்றே பாட்டு நடத்துகிற அக்காவுக்கு போன் செய்தேன். நான் சொன்னதை மறந்துவிடுங்கள், அத்தையே பாடட்டும் என்றேன்.

"லேட்டும்மா" என்றார். "புதன்கிழமை கூட்டத்துல அவங்களே வந்து வேணாம்னுட்டாங்க. நான் இன்னொரு பொண்ணுக்குக் கொடுத்தாச்சு, அவ வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுட்டா. உங்க அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? மருமக ரொம்பப் பொறுமையா பழக்கினா, என் தொண்டைதான் ஒத்துழைக்கலன்னாங்க."

புடவைக் கடையில் நான் என்ன சொன்னேன் என்று அந்த அக்காவுக்குத் தெரியும். எனக்கு அது தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். சரிக்கா என்று வைத்துவிட்டேன்.

பால் வாங்கக் கீழே இறங்கினேன். கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் அண்ணன், "இன்னா மேடம், வூட்ல எதுனா பேஜாரா? மன்னிச்சிடு மன்னிச்சிடுன்னு சத்தம் வந்துகினே கீதே" என்றார். ஒன்றுமில்லை அண்ணா, அத்தைக்குக் காது கேட்காது என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், அந்தப் பழியையும் அத்தை காது மேலேயே போட்டுவிட்டேன் என்று உறைத்தது.

பெண்கள் ஞாயிறு வந்தது. மாம்பழ மஞ்சளில் இரண்டு வரிசை. அத்தை பின்வரிசையில் ஓரமாக நின்றார். பாட்டு முழுவதும் எல்லோரோடும் சேர்ந்து பாடினார். அந்த இரண்டு வரி வந்தபோது ஒரு இளம்பெண் முன்னால் வந்து பாடினாள். சுத்தமாகப் பாடினாள். மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறினாள். அத்தை வாயை மூடிக்கொண்டு அவள் முதுகைப் பார்த்தபடி நின்றார். விரல் மட்டும் புடவை மடிப்பின் மேல் தாளம் போட்டது. மூன்றாவது பெஞ்சில் இருந்த என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் தெரிந்த பெண்மணி ஒருவர், "உங்க அத்தை தனியா பாடுவாங்கன்னு சொன்னாங்களே, என்னாச்சு?" என்று கேட்டார். "தொண்டை கட்டிக்கிச்சு" என்றேன். என்னைக் காப்பாற்றுவதற்காக அத்தை சொன்ன பொய் அது. அதையே நானும் எடுத்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். திரும்பினால் அத்தை பக்கத்திலேயே நின்றிருந்தார். காதில் மிஷின் இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு என் அறை வாசலில் அத்தை.

"கனெக்ட் பண்ணு."

"அதான் முடிஞ்சிடுச்சே அத்தை."

"அடுத்த வருஷமும் பெண்கள் ஞாயிறு வரும்ல. நான் பாடறப்ப நீ பக்கத்துல உட்காரு. தப்பினா நிறுத்திச் சொல்லு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்கேன் போட்டேன். மேல் மாடி டிவி வந்தது, மச்சான் ஸ்பீக்கர் வந்தது, காது மிஷின் வந்தது. 'பேர்' அடித்தேன். சேர்ந்தது. பழக்க தோஷத்தில் விரல் தானாக 'டிரஸ்ட்' என்று அடிக்க ஆரம்பித்தது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது வேணாம்."

"அது இல்லைன்னா தினமும் நான் உட்கார்ந்து அடிக்கணும் அத்தை."

"அடி" என்றார்.

பாதி அடித்திருந்ததை அழித்தேன். இப்போது மாதங்கள் ஆகிவிட்டன. இரண்டாவது வரி முன்னைக்குப் பரவாயில்லை, இன்னும் முழுதாக ஏறவில்லை, ஏறவில்லை என்று நேராகவே சொல்கிறேன். தினமும் காலையில் கமாண்டை அடித்து வைத்துவிட்டு, என்டர் தட்டுவதற்கு முன்னால் அத்தையைத் திரும்பிப் பார்ப்பேன். சில நாள் தலையாட்டுவார். சில நாள், "இன்னைக்கு வேணாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.